மடிப்புக் கோடு

மடிக்கும் போன்களின் திரையை ஆட்களிடம் காட்டி மார்க் வாங்குவதுதான் இவளுக்கு வேலை. நடுவில் கோடு தெரிகிறதா, நிறம் மங்குகிறதா, பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொல்வாள். ஆறு வருஷத்தில் நூற்றுக்கணக்கான போன்களைத் தொட்டிருக்கிறாள். சொந்தமாக ஒன்று கிடையாது.

அப்படியொன்றைக் கொழுந்தன் தன் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தான். மாமியாரிலிருந்து இவள் புருஷன் வரை கை மாற்றிக் கை மாற்றி, மடித்து மடித்துப் பார்த்தார்கள். நடுவில் கோடு தெரிகிறதே என்றாள் இவள். ஓரகத்தி போனைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா" என்று சிரித்தாள். இவளுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் சோதனைக்கு ஆள் குறைந்தது. வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிவரச் சொன்னார் மேலாளர். ஓரகத்தியைக் கூட்டிப்போய், அதே மாதிரி போனைக் கையில் கொடுத்தாள். அவள் குனிந்து எழுதும் நேரம் பார்த்து, தலைக்கு மேலிருந்த விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினாள். திரையில் கோடு பளிச்சென்று எழுந்தது. ஓரகத்தியின் முகம் சுருங்கியதும் இவளுக்கு உள்ளே குளிர்ந்தது.

சாயங்காலம் மேலாளர் ஓரகத்தி எழுதிய தாளோடு வந்து வாசித்தார்: விளக்கு மேலே இருந்தபோது ஒன்பது மார்க், அக்கா அதைத் திருப்பியதும் நாலு.

"நீங்க திருப்பினீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா சார்."

திட்டு விழும் என்று நின்றாள். அவரோ, ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இப்படித்தான் தெரியும், இனி இரண்டு வெளிச்சத்திலும் கேளுங்கள் என்றார். போகும்போது, "அவங்களை மாசாமாசம் வரச்சொல்லுங்க. கூர்மையான கண்ணு" என்றார். ஆறு வருஷத்தில் இவளை அவர் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தியிடம், விளக்கைப் பற்றி ஏன் எழுதினாய் என்று கேட்டாள்.

"பார்த்ததைத்தானே எழுதச் சொன்னீங்கக்கா? நீங்க அன்னைக்குச் சொன்னது நிஜம்தான். கோடு இருக்கு."

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

மறுநாள் அடுத்த மாதப் பட்டியலில் முதல் பெயராக ஓரகத்தியின் பெயரை எழுதினாள். மற்ற பெயர்களுக்கெல்லாம் போடும் இனிஷியலை மட்டும் விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதையும் போட்டாள்.