ஒன்பது ஸ்டோன்

சவ ஊர்திக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த ரோவீனா, ஸ்டியரிங்கை மறுபடியும் வலப்பக்கம் இழுத்துப் பிடித்தாள். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், கார் இடப்பக்கத்து வேலியை நோக்கி நகர ஆரம்பித்துவிடுகிறது. பெரிய இழுப்பு என்று சொல்ல முடியாது. வேறு யாருடைய காராக இருந்தாலும் அவள் கவனித்திருக்கக்கூட மாட்டாள். ஆனால் இது அப்பாவின் கார். கையை எடுத்தாலும் மால்வர்ன் சாலையில் கோடு கிழித்ததுபோல் நேராகப் போகும் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்ட கார். அவர் முன்னால் பெட்டிக்குள் போகிறார். அவர் கார் பின்னால் கோணிக்கொண்டு வருகிறது.

அந்தப் பழைய பச்சை ட்ரயம்ஃபை அவரைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. அண்ணன் கிரஹாம் தன் கல்யாணத்துக்குக் கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டான். ரோவீனா கேட்டதே இல்லை. "இது என் உடம்புக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை, உங்களுக்கெல்லாம் சேராது" என்பார் அப்பா. இரண்டே இருக்கை உள்ள காரில் மற்றொன்றில் எப்போதும் அவருடைய தொப்பிதான் உட்கார்ந்து வரும்.

அப்பேர்ப்பட்ட காரை இன்று காலை மெக்கானிக் நோரிஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சாவியைக் கிரஹாம் கை நீட்டிக் கேட்க, அவனைத் தாண்டிப்போய் ரோவீனாவின் கையில் வைத்தார்.

"நீதான் ஓட்டிக்கிட்டு வரணுமாம். உங்கப்பா டெஸ் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"நானா? எதுக்கு?"

அதற்குள் ஊர்தி கிளம்பிவிட்டது.

எதற்கு என்று அவளுக்கு இப்போதும் புரியவில்லை. புரியாமல் கிடந்தது அது ஒன்று மட்டும் அல்ல. அப்பா அவளிடம் கடைசியாகப் பேசியதை நினைத்து நினைத்து இந்த வாரம் முழுக்க அவள் குழம்பிப் போயிருந்தாள்.

அவருடைய கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். செவிலி வந்து ஊசி போட்டுவிட்டுப் போனபின், அவள் ஸ்பூனால் தேநீர் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ரோ, நீ எத்தன ஸ்டோன் இருப்பே?"

அந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இன்னமும் எடை என்றால் ஆறு கிலோ சொச்சம் கொண்ட ஸ்டோன்தான், கிலோக் கணக்கு ஏறாது. ரோவீனாவுக்குக் காது சூடாகிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணிடம் சாகக் கிடக்கிறவர் கேட்கிற கேள்வியா இது?

"ஒன்பது" என்றாள் வெடுக்கென்று. கல்யாணத்துக்கு முன்னால் எப்போதோ ஒன்பதாக இருந்தாள். இப்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது.

"ஒன்பதா?"

"ஆமாம்ப்பா. ஒன்பது."

அவர் உதட்டோரம் என்னவோ அசைந்தது. போனைக் கொடு என்று கை காட்டினார். கொடுத்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது தூங்கியிருந்தார். அப்புறம் அவர் வாய் திறக்கவில்லை.

கிரஹாமிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். "கடைசி வார்த்தையே உன் உடம்பப் பத்தித்தானா? எனக்கு அதுகூட இல்ல போ." அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனிதர்?

தகனம் முடிந்து எல்லாரும் ஊர்ப் பெரியவர்கள் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்புக்கு வந்தார்கள். பன்றியிறைச்சி சாண்ட்விச், ஷெர்ரி ஒயின், மழை வருமா வராதா என்ற பேச்சு. ரோவீனா நோரிஸை ஜன்னல் பக்கம் ஒதுக்கினாள்.

"வண்டி இடது பக்கம் இழுக்குது."

நோரிஸ் கடித்த சாண்ட்விச்சை வாயிலேயே நிறுத்திவிட்டார். "இருக்கவே முடியாது, கண்ணு. இந்த வாரத்துல பாதி நாள் அதுக்கு அடியிலதான் கெடந்தேன்."

"எதுக்கு?"

"வீல் அலைன்மென்ட் பண்ணத்தான். லேசான வண்டி அது. ஆள் ஏறி உக்காந்தா அந்தப் பக்கம் சாஞ்சு, எதிர்ப்பக்கம் இழுக்கும். அதனால ஓட்டறவங்க எடைக்கு மணல் மூட்டைய சீட்டுல வச்சுட்டுத்தான் சக்கரத்த நேர் பண்ணணும். வேற எப்படிப் பண்ணாலும் உங்கப்பா ஒத்துக்க மாட்டாரு. இத்தன வருஷமா அது அவரு எடைக்கு நின்னுச்சு. கடைசியா ஒரு நாள் போன் பண்ணி, 'இனிமே ரோ ஓட்டுவா, அவளுக்கு மாத்து'ன்னாரு. குரலே இல்ல, வெறும் மூச்சுதான் வந்துச்சு."

ரோவீனா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவுன்னு சொன்னாரு?"

"ஒன்பது."

நோரிஸ் தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காத. நானும் கேட்டேன், 'டெஸ், நம்ம ரோவா? ஒன்பதா?'ன்னு. 'ஒன்பதுன்னு சொல்றா. ஒன்பதே வையி'ன்னுட்டாரு."

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மயிரிழை விலகினாலும் காரைத் திருப்பி அனுப்பி நோரிஸின் உயிரை வாங்கிய மனிதர், அவள் சொன்ன ஒரே காரணத்துக்காகக் கோணலாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். ரோவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறொன்றாக மாறியது. இப்படி ஒரு பாசத்தை இவ்வளவு சுற்றிவளைத்தா காட்டுவது என்று கோபமும் வந்தது. கையிலிருந்த ஷெர்ரியைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"வேற ஏதாவது லூசா இருக்கும்" என்றார் நோரிஸ், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "ஒரு நாள் கொண்டாந்து விடு. மெதுவாப் பாத்துக்கலாம்."

"இப்பவே பாத்துடலாம், நோரிஸ்."

பட்டறை பின்தெருவில்தான் இருந்தது. நோரிஸ் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். காரின் பக்கத்து இருக்கையிலிருந்த அப்பாவின் தொப்பியை எடுத்து அலமாரியில் வைத்தார். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க, காரின் இரண்டு பக்கமும் ஆணிக்கு ஆணி நூல் இழுத்துக் கட்டினார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஸ்டோன் எடை மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார், அதே ஒன்பது. பிறகு டார்ச்சைத் தேடுகிறவர்போல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

சுவரோரம் மீதி மூட்டைகள் கிடந்தன. ரோவீனா ஒன்றைத் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து இருக்கையில் வைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, போய் இன்னொன்றையும் எடுத்து வந்தாள்.

கார் ஒரு நூல் அளவு இறங்கியது.

நோரிஸ் திரும்பி வந்தார். இருக்கையைப் பார்த்தார். தரையில் மண்டியிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, நட்டைத் தளர்த்த ஆரம்பித்தார்.