விற்பனைக்கு வைத்த வகுப்பறை

கடையின் ஷட்டர் மேலே போனதும் பிள்ளைகள் இருவரும் தங்கள் வகுப்பறையைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். தேடத்தான் வேண்டும். நேற்று உட்கார்ந்து படித்த மேஜை இன்று இல்லாமல் போயிருக்கலாம். அப்படிப்பட்ட நாட்களில், அது நின்ற இடத்தில் தரைவிரிப்பில் நான்கு சிறிய குழிகள் மட்டும் இருக்கும். மகள் குனிந்து அவற்றை விரலால் தொட்டுப் பார்ப்பாள். தம்பிக்காரன், "வித்துட்டாங்கம்மா! நம்ம ஸ்கூலை வித்துட்டாங்க!" என்று கூவுவான். அவனுக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி.

அம்மா அந்த மரச்சாமான் கடையில் விற்பனைப் பெண். கடை முழுக்க அறைகள். மேற்கூரை இல்லாத, மூன்றே சுவர்கள் கொண்ட அறைகள். யாரும் தூங்காத கட்டில்கள், அட்டையில் செய்த டிவி, வயர் இல்லாத விளக்கு. ஜன்னல்களுக்குப் பின்னால் ஒரு ஏரியின் படம் ஒட்டியிருந்தது. எந்த அறையில் நின்று பார்த்தாலும் அதே ஏரி, அதே படகு. அலமாரியில் அடுக்கியிருந்த புத்தகங்களோ உள்ளே ஒன்றுமில்லாத பெட்டிகள். தம்பி ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, "இதைப் படிச்சு முடிச்சாச்சு" என்று திரும்ப வைப்பான். முதல் வாரத்திலேயே அவன் நூலகம் முழுவதையும் முடித்துவிட்டான்.

மகளுக்கு வீட்டில் பேச்சு உண்டு. தம்பியோடு சண்டை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். வாசலைத் தாண்டினால் மட்டும் குரல் நின்றுவிடும். பள்ளியில் டீச்சர் முதலில் கொஞ்சிப் பார்த்தார், அப்புறம் "நாக்கை வீட்லயே வச்சுட்டு வந்தியா?" என்று கேட்டார், வகுப்பு முழுக்கச் சிரித்தது. பெயரைக் கூப்பிட்டால் பதில் வராததால், முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தினமும் ஆப்சென்ட் போட்டார்கள். ஒருநாள் அலுவலகத்தில் கூப்பிட்டு, "உங்க பொண்ணு ஸ்கூலுக்கே வர்றதில்லையே" என்றபோது அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. அதன் வாசலில் நின்ற கார்களைப் பார்த்ததுமே அம்மா உள்ளே போய் விசாரிக்காமல் திரும்பிவிட்டாள். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தானே சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தாள்.

"படிக்கிறது எங்க இருந்தா என்ன? நான் ரோட்லயே குடியிருக்கேன், எனக்கு வீடு இல்லைன்னா சொல்றோம்?" என்றார் லாரி ஓட்டும் அப்பா, எங்கேயோ சரக்கு இறக்கிக்கொண்டே போனில். அக்கா போகாத பள்ளிக்கு நானும் போகமாட்டேன் என்று தம்பி தரையில் படுத்துவிட்டான். அவனுக்குக் கட்ட வேண்டியிருந்த ஃபீஸும் மிச்சம் என்று அம்மா வெளியே சொல்லவில்லை. ஓரகத்திதான் விசேஷ வீடுகளில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "ஊர்ல பிள்ளைங்களுக்கு லீவு விடுவாங்க. இவங்க வீட்ல ஸ்கூலுக்கே லீவு விட்டுட்டாங்க."

பாடப் புத்தகங்கள் பழசு. பயிற்சிப் பகுதிகளில் யாரோ ஒரு பிள்ளை பென்சிலால் விடைகளை எழுதி வைத்திருந்தது. அம்மா அவற்றை அழித்துவிட்டுத்தான் கொடுப்பாள். ஆனால் அழுத்தி எழுதும் பிள்ளை அது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் தடம் தெரியும். மகள் அந்தத் தடத்தைப் படித்து, விடை தப்பாக இருந்தால் பக்கத்தில் திருத்தி எழுதுவாள். முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்கு இவள்தான் டீச்சர். அம்மா அன்றன்றைய பாடத்தைப் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே படித்துவிடுவாள். பின்னம் புரியாத நாட்களில் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். இது படிப்புச் சொல்லிக்கொடுப்பதா, இல்லை பிள்ளையை ஒளித்து வைப்பதா என்று அப்போது தோன்றும். இறங்கும் நிறுத்தம் வந்தால் அந்தக் கேள்வியும் இறங்கிப் போய்விடும்.

முதலாளிக்குத் தம்பி வைத்த பெயர் "தள்ளுபடி". வாய் திறந்தால் அந்தச் சொல்தான் வரும். பிள்ளைகளை வீட்டில் தனியாக விட முடியாது என்று அம்மா கெஞ்சியபோது, அவர் மகளைப் பார்த்தார். "இது பேசாது சார், இருக்கிற இடமே தெரியாது." "அப்ப இந்த ரேடியோ?" என்று தம்பியைக் காட்டினார். "அவனை அக்கா பாத்துக்குவா." பேனா கூடாது, பென்சில் மட்டும், என்ற நிபந்தனையோடு விட்டார். அன்றிலிருந்து தம்பிக்கு ரேடியோ என்று பெயர் நிலைத்தது. பொருத்தமாகத்தான் இருந்தது. வெளியே யார் என்ன கேட்டாலும் அக்கா அவன் காதில் சொல்வாள், அவன் ஒலிபரப்புவான்.

சில வாரங்களிலேயே முதலாளி ஒன்றைக் கண்டுபிடித்தார். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற மேஜை விற்றுவிடுகிறது. குனிந்த இரண்டு தலைகளையும் பென்சில் சீவலையும் பார்த்ததும், வருகிற அப்பா அம்மாக்களின் முகம் மாறுகிறது. அதற்குப் பிறகு, தேங்கிப்போன மேஜை எதுவோ அங்கேயே வகுப்பு என்றானது. அம்மாவுக்கு அது உறுத்தியது. ஆனால் மின்விசிறியும் வெளிச்சமும் கண்ணெதிரே பிள்ளைகளும் வேறு எந்த வேலையில் கிடைக்கும்?

கடைசியாக அவர் உட்காரவைத்தது வெள்ளை மேஜையில். அது ஒரு வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியிலிருந்து விழுந்து, பின்னங்கால் ஒன்று பிளந்து திரும்பி வந்தது. கடையில் சாமான்களைப் பொருத்துகிற ஆள் பசை போட்டு இறுக்கி, மெழுகு தடவி, தழும்பு தெரியாமல் வெள்ளை அடித்தார். மகள் பக்கத்தில் நின்று முழுக்கப் பார்த்திருந்தாள். "யாராவது கேட்டா சொல்லிக்கலாம்" என்றார் முதலாளி. மேஜையின் காலைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

போன வாரம் வந்து பார்த்துவிட்டுப் போன ஒரு நர்ஸ், ஒரு மதியத்தில் மறுபடி வந்தாள். டியூட்டி முடிந்து சீருடையோடு, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. "கட்டில்ல கவுந்து படுத்தேதான் படிக்கிறா என் பொண்ணு. முதுகு என்னத்துக்காகும்? போன வாரம் பாத்ததுல இருந்து இந்த மேஜைதான் கண்ணுக்குள்ளயே இருக்கு" என்றாள். முதலாளி தள்ளுபடியைச் சொல்லி பில் எழுத உட்கார்ந்தார். நர்ஸ் மேஜை மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே, எல்லோரும் வழக்கமாகக் கேட்பதுபோல் மகளிடம் சும்மா கேட்டாள்.

"எப்படிம்மா இருக்கு? எழுத வசதியா இருக்கா?"

மகள் தம்பியைத் தேடினாள். அவன் அடுத்த அறையில், ஏறவே கூடாது என்று சொல்லியிருந்த பெரிய கட்டிலில், விலை அட்டைக்குப் பின்னால் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பின்னாடி ஒரு கால் உடைஞ்சது."

நெடுநாள் திறக்காத இழுப்பறையைத் திறந்ததுபோல் இருந்தது அந்தக் குரல். அம்மாவுக்கு முதலில் குரல்தான் கேட்டது, சொன்ன விஷயம் அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

"ஒட்டி வச்சிருக்காங்க. கனமா வச்சா ஆடும். நான் பேப்பர் மடிச்சு வச்சிருக்கேன்." குனிந்து காலடியிலிருந்து மடித்த தாளை உருவினாள். மேஜை லேசாகத் தலையாட்டியது. பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

முதலாளி சிரித்தார். "சின்னப் பிள்ளை, விளையாட்டுக்குச் சொல்லுது."

நர்ஸ் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். "அப்படியாங்க?"

என்ன சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். இத்தனை வருடங்களில் முதலாளிக்கு ஒத்து எத்தனையோ முறை பேசியதுதான். ஆமாங்க, விளையாட்டுக்குச் சொல்றா. அவ்வளவுதான், எல்லாம் பழையபடி இருக்கும், நாளைக்கும் ஏரிக்கரையில் வகுப்பு நடக்கும். மகள் கையில் தாளோடு நின்றாள். அவள் முகத்தில் பயமில்லை. விடை சரியா என்று பார்க்கிற முகம், வீட்டில் நோட்டை நீட்டும்போது இருக்கிற அதே முகம்.

"ஆமாங்க. அவ சொல்றது சரிதான்."

நர்ஸ் மகளின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டாள். முதலாளி பாதி எழுதிய பில்லைக் கிழிக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"பேசாத பிள்ளைன்னு சொல்லித்தானேம்மா உள்ள விட்டேன்?"

"பேசாமதான் சார் இருந்தா."

"ரெண்டு வருஷம் வாயைத் திறக்கலயாம். திறந்தா என் கடையிலயா திறக்கணும்?" கோபத்தைத் தேடுகிறவர்போல் மேஜைச் சாமான்களை இடம் மாற்றி வைத்தார். பிறகு மகள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "நாளைக்கு நீங்க மட்டும் முதல்ல வாங்க. பசங்க விஷயம் யோசிச்சுச் சொல்றேன்."

அம்மா அட்டை டிவிக்குப் பின்னால் போய் அதன் முதுகை வெகுநேரம் துடைத்தாள். பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு அடியில், ஈரத் துணிக்குள் வைத்த கைபோல, வேறொன்று குளிர்ச்சியாக இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவள் யோசிக்கவில்லை.

ரேடியோவுக்குத்தான் ஆறவில்லை. பேருந்து நிறுத்தம்வரை புலம்பிக்கொண்டே வந்தான். "நான் தூங்கும்போது ஏன் பேசின? எழுப்பியிருக்கலாம்ல? என்ன சொன்ன? எங்கிட்டயும் சொல்லு, அதே மாதிரி சொல்லு." மகள் முன்னால் நடந்தாள். மடித்த தாள் இன்னமும் அவள் கைக்குள் இருந்தது.

பேருந்தில் இடம் கிடைத்தது. கண்டக்டர் இருக்கை இருக்கையாக வந்துகொண்டிருந்தார். வழக்கமாக அம்மா காசை நீட்டி, இறங்குமிடத்தைச் சொல்லிவிடுவாள். இன்றைக்குக் காசை மகளின் கையில் வைத்தாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள்.

"எங்கம்மா போகணும்?"

ரேடியோ சந்தோஷமாக மூச்சை இழுத்து வாயைத் திறந்தான். அம்மா வெளியே பார்த்தபடியே கையை நீட்டி அந்த வாயை மெல்லப் பொத்தினாள். அவன் சொல்ல வந்தது அவள் உள்ளங்கையில் சூடாக மோதியது. கண்டக்டர் மகளின் பதிலுக்காகக் குனிந்து நின்றார். அவர் கையிலிருந்த டிக்கெட் மெஷினின் வாயில் வெள்ளைத் தாளின் நுனி ஒன்று நீட்டிக்கொண்டு, பேருந்து குலுங்கும்போதெல்லாம் லேசாக நடுங்கியது.