கேஸ் போட்டவள்

"ஹட்டோ, ஹட்டோ! சீரியஸ் கேஸ்!" என்று கத்திக்கொண்டே வார்டு ஆள் ஸ்ட்ரெச்சரை உருட்டிப் போனான். வீராயி சுவரோடு ஒட்டி நின்றாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தது அவள் புருஷன் மாசிலாமணி. காலையில் சாரத்தின் மேல் நின்று செங்கல் வாங்கிக்கொண்டிருந்தவன். மூங்கில் முறிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

அவர்களை விழுப்புரம் பக்கமிருந்து வடக்கே ஜனக்புரி கட்டட வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி கலியமூர்த்தி அவளை ஓரமாக அழைத்தார்.

"போலீஸ்காரன் வருவான். ஜுக்கிக் குடிசை மேல தார்ப்பாய் கட்டறப்ப விழுந்துட்டாருன்னு சொல்லிடு. சைட்டுன்னு வாயத் தொறந்தா கேஸாயிடும்."

"ஆவட்டுமே."

"கேஸுன்னா இன்னான்னு தெரியுமா ஒனக்கு? காண்ட்ராக்டர் ஜுக்கிய காலி பண்ணச் சொல்லுவான். இந்தக் குளிர்ல எங்க போவ?"

"அவரு இனிமே நடக்கமாட்டாராம். நாங்க எங்க போனா ஒனக்கு இன்னாண்ணே?"

டாக்டருக்குக் கேஸ் என்பது கட்டிலில் கிடக்கிற உடம்பு. மேஸ்திரிக்கு அது ஒட்டுவாரொட்டி, கிட்டே வரக் கூடாது. பிறகு வந்த கான்ஸ்டபிளுக்கு அது கண்ணால் பார்த்துத் தொட வேண்டிய சாமான்.

"பையா, சைட் பே கிரா. பான்ஸ் டூட்டா" என்று, சைட்டில் விழுந்ததையும் மூங்கில் முறிந்ததையும் தெரிந்த அளவு ஹிந்தியில் சொன்னாள் வீராயி.

முறிந்த மூங்கில் எங்கே என்று கேட்டான் அவன். நாளைக் காலையில் சைட்டுக்கு வந்து பார்ப்பானாம். இருந்தால் கேஸ், இல்லாவிட்டால் இல்லை. அச்சா என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மேஸ்திரியையும் காணோம்.

கூட வந்திருந்த பக்கத்து ஜுக்கி ஆராயியைப் புருஷனுக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு வீராயி பஸ் பிடித்தாள். சைட்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. மேஸ்திரி ஸ்கூட்டரில் அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். என்றைக்கும் சிமெண்ட் சாக்கும் மரச்சீவலும் எரிகிற குளிர்காயும் தீயில் இன்று ஒரு நீள மூங்கிலின் நுனி எரிந்துகொண்டிருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார்கள்.

வீராயி நேரே தீயருகே போனாள். முறிந்து பிளந்து நின்ற மறுமுனையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ வீராயி, கையக் கிழிச்சிக்கப் போற" என்றான் ஒருவன்.

"நீ குளிர்காய வேற கட்டை பாத்துக்க."

கலவைத் தொட்டித் தண்ணீரை மொண்டு மூங்கிலின் எரிந்த நுனியில் ஊற்றினாள். அதைத் தன் ஜுக்கி வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

மேஸ்திரி எதிரே வந்து நின்றார். "எந்திரி. காலையில இதே ஜுக்கிய பிரிச்சிடுவானுவோ."

"பிரிக்கட்டும். போலீஸு வந்தப்பறம் எந்திரிக்கிறேன்."

முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பனி இறங்கியது. அவள் காலடியில் மூங்கில் நுனி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.