புளிப்புத் தீவனம்

கொட்டகையின் இடது பக்கத்துக் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு சட்டென்று நின்றுபோனது. அவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. நின்ற விதம் மனதை உறுத்தியது.

பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகளுக்குத் தீவனத்தோடு கிருமியைக் கொல்லும் மருந்துப்பொடி கலந்து போடுவதுதான் அந்தப் பண்ணையின் வழக்கம். நோய் வந்தாலும் வராவிட்டாலும் போட்டாக வேண்டும். போன வருஷம் கம்பிக் கதவு கிழித்ததில் அவள் கால் சீழ் பிடித்தது. கொடுத்த மருந்து எதற்கும் அடங்கவில்லை. காலை எடுக்க வேண்டி வருமோ என்றுகூடப் பேசினார்கள். "மருந்துக்குப் பழகிப்போன கிருமி இது. பண்ணையில என்ன மருந்து போடுறீங்க?" என்று டாக்டர் கேட்ட கேள்வி, கால் ஆறிய பிறகும் ஆறவில்லை.

வீடு திரும்பியதும் கணவனின் அண்ணனோடு மல்லுக்கட்டிக் கொட்டகையின் இடது பாதியைத் தன் பொறுப்பில் வாங்கினாள். பொடிக்குப் பதிலாகத் தீவனத்தில் அமிலமும் ஈஸ்டும் கலந்தாள். குட்டிகள் தேறாவிட்டால் எல்லாவற்றுக்கும் மறுபடி பொடிதான் என்பது அவர் போட்ட நிபந்தனை.

"தீவனமா, ஊறுகாயாம்மா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பார்.

"ஒரு வாய் போடட்டுமா மாமா?" என்பாள்.

இன்று அவரே இறங்கி வந்தார். "சும்மா சொல்லக்கூடாது, ஜெயிச்சிட்ட. இனி மொத்தக் கொட்டகைக்கும் உன் ஊறுகாயே போடு."

அவள் கேட்கத் தவித்த வார்த்தை. கணவன் மட்டும் கையிலிருந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து தீவனத் தொட்டியின் மூலையைத் தடவினாள். ஊறிய தீவனம் மஞ்சளாக விரலில் ஒட்டியது. அவள் கலக்கும் எதிலும் மஞ்சள் கிடையாது. அது பொடியின் நிறம். கணவனின் நக இடுக்கிலும் அதே நிறம்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கொட்டகை முழுக்க அவளுடையது. ஒரு குட்டி அவள் பழைய தழும்பை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

"நான் ஜெயிக்கல மாமா. இது உங்க பொடி. இவர் கலந்திருக்காரு."

கணவன் தலை நிமிரவில்லை. "சோறு தண்ணி இல்லாம நீ இங்கயே கெடந்த. பாக்க முடியல. அதான்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ தோத்துட்ட. இந்தப் பக்கமும் பொடிதான்."

"தோக்கவும் இல்ல. தோக்குறதா ஜெயிக்கிறதான்னு பாக்கவே இவர் விடல. பந்தயம் செல்லாது. அடுத்த ஈத்துக் குட்டிங்க என் பக்கம் வரும்."

"யாரக் கேட்டு?"

"என் காலக் கேட்டு."

அவர் சிரிப்பு நின்றது. "குட்டி செத்தா?"

"நோய் வந்த குட்டிய மாட்டு டாக்டர்கிட்ட காட்டி நானே ஊசி போடுவேன். வராத குட்டிக்கு எதுக்கு? தரை ஈரமா இருக்கு, அத மொதல்ல மாத்துறேன். அப்பவும் தேறலன்னா எங்க தப்புன்னு தேடுவேன். பொடிய மட்டும் தொட மாட்டேன்."

அவர் வெளியே போனார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் தீவன அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பிரஷை எடுத்துக் காலித் தொட்டிக்குள் இறங்கி மஞ்சளைத் தேய்க்க ஆரம்பித்தாள். கணவன் பக்கத்தில் வந்து கையை நீட்டினான்.

"கொடு, நான் தேய்க்கிறேன்."

"தண்ணி ஊத்துங்க, போதும்," என்றாள். பிரஷைக் கொடுக்கவில்லை.