நெடி வராத மிளகாய்

உத்திரமேரூரில் தாண்டவராயன் வீட்டு மாடிக்கு சோபியா குடிவந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த எட்டு நாளும் தாண்டவராயனின் மூக்கு மாடிப்படியிலேயே குடியிருந்தது.

சோபியா மாகறல்காரி. ஸ்பெயினில் ஒரு கிழவிக்கு மூன்று வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். இந்த ஊரில் இது அவளுக்கு மூன்றாவது வீடு. முதல் வீட்டில் பச்சைப் பூண்டு வாடை என்றார்கள். அடுத்த வீட்டில், தக்காளிச் சாற்றைச் சுடவைக்காமலே குடிக்கிறாள் என்றார்கள். தெரிந்தும் தாண்டவராயன் இடம் கொடுத்தார். காரணம், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "எவ்ளோ பெரிய வூடு!" என்று அவள் வாயைப் பிளந்ததுதான்.

தெருவிலேயே அது ஒன்றுதான் மாடி வீடு. கைப்பிடிச் சுவரில் இரண்டு சிமெண்ட் சிங்கங்கள். அவற்றுக்குப் பயந்து நாலு நாய்கள் ஓரிக்கைக்கே போய்விட்டன என்பார் அவர். ஊர்க்கண் மொத்தமும் தன் வீட்டின் மேல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் புகை. எட்டிப் பார்த்தார். கரி அடுப்பில் கத்திரிக்காய்கள் கருகிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஆறு சிவப்பு மிளகாய். ஒவ்வொன்றும் அவர் முஷ்டியளவு. துண்டால் மூக்கைப் பொத்தினார். பிறகு மெல்ல விலக்கினார். தும்மல் வரவில்லை. நெடியே இல்லை!

ஓடிவந்து மனைவியிடம் சொன்னார். பாஞ்சாலி முறத்தைக் கீழே போட்டாள்.

"அய்யய்யோ! நாலு மிளகா போட்டு நெடி வரலன்னாலே கண்ணும்பாங்க. ஆறு போட்டும் வரலன்னா எம்மாம் பெரிய கண்ணு அது!"

"யாரு மேல பட்ட கண்ணையோ நம்ம வூட்டுல வெச்சி கொளுத்திக்கினு கீறா."

மேலே போனார். சோபியா கருகிய தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னா கழிப்பு இது?"

"கழிப்பு இல்லீங்கய்யா, எஸ்கலிவாதா. ஸ்பெயின்ல கத்திரிக்காவும் குடமிளகாவும் சுட்டு, எண்ண உப்பு போட்டு துண்ணுவாங்க. இதுல காரமே கெடையாது, அதான் நெடி வரல."

"காரமில்லாத மிளகாயா? இந்தத் தெருவுல கத வுட நான் ஒருத்தன் போதும். நாளைக்கே காலி பண்ணு."

சோபியாவின் கை நின்றது. "இதையும் வுட்டா இந்த ஊர்ல எனக்கு வேற வூடு கெடைக்காதுங்கய்யா. உங்க மிளகாயவே போட்டுப் பாருங்க. வூட்டு மேல கண்ணு கீதுன்னா நானே போயிடறேன்."

பாஞ்சாலி ஒரு பிடி காய்ந்த மிளகாயை வாசல் நிலைக்கு மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் மூட்டிய நெருப்பில் போட்டாள்.

தெருவே இருமியது. தெருமுனையில் நின்ற வாலாஜாபாத் பஸ்ஸின் கண்டக்டர் இரண்டு தும்மல் போட, விசில் என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். சிமெண்ட் சிங்கங்களில் ஒன்று செருமியதைத் தாண்டவராயன் தன் கண்ணாலேயே பார்த்தார்.

"அப்பாடா, ஒரு கண்ணும் இல்ல!" என்றாள் பாஞ்சாலி, நன்றாக உரக்க.

"இந்த வூட்டப் பாத்து யாரு கண்ணு வெக்கப் போறாங்க?" கண்ணைக் கசக்கியபடியே சிரித்தான் எதிர்வீட்டு முத்துவேல். தெருவும் சேர்ந்து சிரித்தது.

தாண்டவராயனுக்கு முகம் செத்துப்போயிற்று. பத்து வருஷமாகக் கட்டிய வீட்டின் மேல் ஒரு கண்கூட இல்லையா! சோபியாவின் காதருகே குனிந்தார்.

"அந்தக் குடமிளகா இன்னும் கீதா?"

"சுடாதது ரெண்டு கீதுங்கய்யா."

"எடுத்தா."

"அப்போ வூடு?"

"வூடு எங்கியும் போவாது. நீயும் போவாத. எடுத்தா மொதல்ல."

வாசலில் நின்று, எல்லாரும் பார்க்க ஒரு மிளகாயை நுனியில் கடித்தார். "ஸ்ஸ்! சீம மிளகாடா நைனா, உசுரு போவுது!" என்று குதித்தார். பிறகு இரண்டையும் சுற்றி நெருப்பில் போட்டார். அவை கருகின. ஒருவருக்கும் இருமல் வரவில்லை. முத்துவேல் இரண்டடி பின்னால் போனான்.

"இன்னா பண்றது, ஊர்க்கண்ணு பொல்லாதது" என்று பெருமூச்சு விட்டார் தாண்டவராயன்.

இப்போது வெள்ளிதோறும் சோபியா மாடியில் சுடுகிறாள். வாசலுக்கென்று இரண்டு தனியாகக் கொடுத்துவிடுகிறாள். போன வாரம் முத்துவேல் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க வூட்டுக்கும் ரெண்டு குடேன்" என்று கேட்டானாம். தாண்டவராயன் மறுபடி மாடிப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவள் கூடையோடு இறங்கும்போதெல்லாம் எதிர்வீட்டுப் பக்கம் திரும்புகிறாளா என்றுதான் பார்க்கிறார்.