பதினாறாம் பதிப்புக்கு ஒரு மாஸ்க்

"அக்கா, இந்த மாஸ்க்கெல்லாம் எதுக்குப் போட்டுருக்கிய?" என்று நஸீபா கேட்டபோது என் வாயில் பாதி வடை இருந்தது. திங்கட்கிழமை காலை. அவள் திரையில் என் கோப்பு திறந்து கிடந்தது. நாற்பத்தேழு வரிகள். பன்னிரண்டு வருஷமாக நான் ஒருத்தி மட்டும் எழுதி, நான் ஒருத்தி மட்டும் படித்த கோப்பு. அதில் பத்தொன்பது வரிகளுக்கு மஞ்சள் அடித்து வைத்திருந்தாள். "இந்தப் பத்தொம்பதும் இப்ப தேவையில்லக்கா. அந்தக் கோளாறெல்லாம் எப்பவோ சரி பண்ணிட்டாங்க. ஒவ்வொண்ணா வீட்டுல கட்டிப் பாத்துட்டேன்." குரலில் துளி அகம்பாவம் கிடையாது. இருந்திருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு வடையைத் தின்று முடித்திருப்பேன்.

எங்கள் ஆபீஸ் தென்காசி ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. குற்றாலத்து லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங் நடத்துகிற சர்வர் எங்களுடையது. முதலாளி சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி, போன் எடுக்க ரவி, மூன்று மாதத்துக்கு முன் கடையநல்லூரிலிருந்து வந்து சேர்ந்த நஸீபா, அப்புறம் முத்துசெல்வியாகிய நான். சர்வரில் இருப்பது இறக்கிய உடனே ஓடுகிற லினக்ஸ் இல்லை. ஒவ்வொரு மென்பொருளையும் மூல நிரலாக இறக்கி, நம் மெஷினிலேயே கட்டி எடுக்க வேண்டும். பெரியதாக இருந்தால் ஒரு பகல் முழுக்க ஃபேன் கத்தும். எந்தப் பதிப்பைக் கட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று தீர்மானிப்பது என் வேலை. ஒரு பதிப்பு ஆகாது என்றால் அதன் பெயரையும் எண்ணையும் அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், சர்வர் அதைத் திரும்பிப் பார்க்காது. அதற்குப் பெயர்தான் மாஸ்க். எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம், நானே வைத்தது. மாஸ்க் வரிக்கு மேலே தேதி, பெயர், காரணம் மூன்றும் தமிழில் எழுத வேண்டும். காரணம் எழுதியிருந்தால், எழுதினவரைக் கேட்காமல் யாரும் அதில் கை வைக்கக்கூடாது. எழுதினவர் சோதித்துப் பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்பது நம்பிக்கை.

அண்ணாச்சி டீ டம்ளரோடு வந்து நின்று மஞ்சள் வரிகளைப் பார்த்தார். அவருக்கு ஒரு எழுத்தும் விளங்கியிருக்காது. "பாத்தியா செல்வி, புள்ள வந்து மூணு மாசந்தான் ஆச்சு, வீட்டையே ஒட்டடை அடிச்சிட்டா," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன செய்ய, சிரிக்கத்தானே வேண்டும். வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு மரியாதையான பேர் வைத்து அதை மூட எனக்கு இஷ்டமில்லை. அவள் டைப் அடிக்கும்போது விசைப்பலகையைப் பார்க்காதது பொறாமை. போனில் கத்துகிற லாட்ஜ்காரன் அவளிடம் பேசினால் இரண்டாவது நிமிஷம் "சரிம்மா" என்று இறங்கி வருவது பொறாமை. மத்தியானம் அவள் கொண்டுவருகிற தேங்காய்ச் சோற்றின் வாசனைகூட எனக்கு ஆகவில்லை, அவள் முதலில் எனக்குத்தான் ஒரு கரண்டி வைப்பாள் என்றாலும்.

இதோடு போயிருந்தால் புழுங்கிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். செங்கோட்டை தாண்டி கேரளாவில் ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் முப்பது லாட்ஜுகள் எங்களிடம் வருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தனி சர்வர், தனிப் பொறுப்பு. அது எனக்கென்று நான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரரிடமும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டேன். அப்போதுதான் நஸீபா, எங்கள் புக்கிங்குகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் டேட்டாபேஸின் பதினாறாம் பதிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நாங்கள் பன்னிரண்டாம் பதிப்பில் கிடந்தோம். காலி ரூம் தேடினால் ஒன்பது நொடி ஆகும். அவள் தன் லேப்டாப்பில் பதினாறைக் கட்டி, எங்கள் பழைய புக்கிங்குகளை ஏற்றித் தேடிக் காட்டினாள். ஒரு நொடி. "வெள்ளிக்கிழம எல்லாருக்கும் செஞ்சு காட்டு. நல்லா வந்தா கேரளா சர்வர நீயே பாத்துக்கோ," என்றார் அண்ணாச்சி. என் பக்கம் திரும்பி, "ஒனக்கு இங்கனயே வேல சரியா இருக்குல்லா?" என்றார். ஆமாம் என்று சொன்னவளும் நான்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அண்ணாச்சி கோயிலுக்குப் போயிருந்தார். நான் கோப்பைத் திறந்து நாற்பத்தெட்டாவது வரியாகப் பதினாறாம் பதிப்பின் பெயரை எழுதினேன். அதற்கு மேலே தேதி. முத்துசெல்வி. காரணம்: 'தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்துவதில் தவறு வருகிறது. தேடும்போது சில விருந்தினர்களின் பெயர் விடுபட்டுப் போகிறது. சோதித்துப் பார்த்தேன்.' பதினாறை நான் இறக்கக்கூட இல்லை. ஆனால் இந்த மாதிரி தவறு வருவதுண்டு, வேறு எங்கேயோ வேறு எதற்கோ வந்ததைப் படித்திருக்கிறேன். பொய் சொல்வதற்கும் பன்னிரண்டு வருஷ அனுபவம் கைகொடுத்தது. எழுதி முடித்து சேமித்தபோது கை நடுங்கியது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் சண்டைக்கு வருவாள் என்று பதில்களை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். வரியைப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். "எந்த மெஷின்லக்கா கட்டிப் பாத்திய?" என்று மட்டும் கேட்டாள். சர்வரில் என்றால் எதை எப்போது கட்டினோம் என்ற பதிவு இருக்கும். "வீட்டு மெஷின்ல," என்றேன். தலையாட்டிவிட்டு நேராக அண்ணாச்சி மேசைக்குப் போனாள். "இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. அக்கா சோதிச்சுப் பாத்துருக்காங்க, பேரு விட்டுப் போகுதாம். எனக்குத் தோணவே இல்ல. நல்லவேள, சீசன்ல மாட்டிருப்போம்." அண்ணாச்சி என்னை மெச்சிப் பார்த்த அந்தப் பார்வையை நான் பன்னிரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. அடுத்த வாரமே கேரளா சர்வர் என் பேருக்கு வந்தது. நஸீபா புளியரை பக்கம் போய்விட்டு வரும்போது நேந்திரம் சிப்ஸ் வாங்கிவந்து, "ஒங்களுக்குத்தான்க்கா," என்று என் மேசையில் வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. தோற்றவளுக்கு முகம் சுண்டவாவது தெரிய வேண்டாமா.

ஆனி பிறந்து சாரல் இறங்கியது. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிற இரைச்சல் போன் வழியாகவே எங்களுக்குக் கேட்கும். பழைய பதிப்பு ஒன்பது நொடியிலிருந்து பதினைந்து நொடிக்குப் போனது. ஒரு சனிக்கிழமை, ஐந்தருவிச் சாலையில் லாட்ஜ் நடத்துகிற இசக்கிமணி போனில் கத்திய கத்தலில் ரவி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தான். நேரில் போய்ப் பாருங்கள் என்று அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் ஆட்டோவில் அனுப்பினார்.

கவுண்டர் முன்னால் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு பத்துப் பதினைந்து பேர். தரை முழுக்க ஈரம். இசக்கிமணி தேடல் பொத்தானை அழுத்திவிட்டு எங்களைப் பார்த்துக் கையை விரித்தான். "பாருங்க மேடம், நான் ஒரு பீடி குடிச்சிட்டு வந்தாலும் இது சுத்திக்கிட்டுதான் இருக்கும். மூணு பார்ட்டி பக்கத்து லாட்ஜுக்குப் போயிட்டான்." எங்களால் ஆகிற சில்லறை வேலைகளைச் செய்தோம். பதினைந்து நொடி பன்னிரண்டு நொடியானது. அவன் முணுமுணுத்துக்கொண்டே ஆட்களைக் கவனிக்கப் போனான். நஸீபா வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தில் தெறித்த சாரலைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஏசப்புடாது."

கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நீங்க சொன்ன அந்தத் தப்ப ஒன்றர மாசமா வர வச்சுப் பாக்கேன். வர மாட்டேங்கு. நாலாயிரம் பேரு ஏத்திப் பாத்தேன். கிரந்த எழுத்து, இனிஷியல், எல்லாம் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். எல்லாப் பேரும் வந்துருது. எங்கயோ நான்தான் தப்பா சோதிக்கேன்." விரலால் பெஞ்சின் ஈரத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கு ஒரு நாள்ல தெரிஞ்சது எனக்கு ஒன்றர மாசமா தெரியலன்னா, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லக்கா. அண்ணாச்சிட்ட சொல்லிட்டேன். அடுத்த மாசத்துல இருந்து ரவிகூட போன் எடுக்கப் போயிருதேன்."

எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைப்பானேன். ஒரு மூச்சு நேரம், சுத்தமான சந்தோஷம். இனி அந்தக் கோப்புக்கு மஞ்சள் அடிக்க ஆளில்லை. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் கறுத்துக் கிடந்தது. நான் எழுதின ஒரு வரிக்கு எதிராகத் தன் கண்ணால் பார்த்த நாலாயிரம் பெயர்களையும் அவள் நம்பாமல் விட்டிருக்கிறாள். என் இடத்தில் அவள் எழுதியிருந்தால் நான் அரைமணி நேரம் நம்பியிருப்பேனா? பொறாமைப்படுவதற்கு எனக்கு அவளிடம் இன்னும் ஒரு சாமான் பாக்கி இருந்திருக்கிறது.

"ஏட்டி, அதுக்குப் போயி..." என்று ஆரம்பித்தேன்.

"இல்லக்கா, இன்னும் இருக்கு. தப்பு நெசமா இருந்தா மத்த ஊர்க்காரங்களுக்கும் தெரியணும்லா. அந்த டேட்டாபேஸ் செய்யுறவங்களுக்கே எழுதிப் போட்டேன். இங்கிலீஷ்ல மாத்தி, ஒங்க பேரப் போட்டு." லேப்டாப்பைத் திறந்தாள். தலைப்புக்குக் கீழே, கண்டுபிடித்தவர் முத்துசெல்வி, தென்காசி என்று என் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே பதில்கள். ஜப்பானிலிருந்து ஒருவர், போலந்திலிருந்து ஒருவர், எந்த ஊர் என்று தெரியாத இன்னொருவர். மூன்று பேருமே தமிழ்ப் பெயர்களை எங்கிருந்தோ எடுத்து ஏற்றிச் சோதித்திருந்தார்கள். ஒருவருக்கும் தவறு வரவில்லை. ஒருவரும் நான் பொய் சொல்கிறேன் என்று எழுதவில்லை. அந்த அம்மாவின் மெஷினில் என்ன இருந்தது, என்னென்ன வரிசையில் செய்தார் என்று தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள், காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

"போலந்துக்காரரு ஞாயித்துக்கிழமையும் உக்காந்து பாத்துருக்காருக்கா," என்றாள் நஸீபா. "நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கேன். இல்லன்னா நீங்களே அடிங்க, அதான் சரி."

இந்தக் கோடை முழுக்க அவளைச் சறுக்கி விழவைப்பதைத் தவிர நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால் கேரளா சர்வர் போகும், அண்ணாச்சியின் அந்தப் பார்வை போகும், ரத வீதியில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சொல்லாவிட்டால் இவள் ரவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் எடுப்பாள். உள்ளே இசக்கிமணி அடுத்த ஆளுக்கு ரூம் தேடிக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கையோடு ஒரு கிழவர் கவுண்டரைத் தட்டித் தட்டி, "என்னய்யா, இருக்கா இல்லையா?" என்று கேட்பது இங்கே வரை கேட்டது.

நஸீபா லேப்டாப்பை என் மடிக்குத் தள்ளினாள். திரையில் பதில் எழுதுகிற பெட்டி திறந்திருந்தது. நான் சோதித்ததை வரிசையாக எழுத வசதியாக இருக்கட்டும் என்று அவளே ஒன்று என்று எண் போட்டு, ஒரு புள்ளி வைத்து, இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. சாரலில் திரை நனையாமல் இருக்க அவள் தன் துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்து என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் விரல்களைப் புடவையில் துடைத்துவிட்டு விசைப்பலகையில் வைத்தேன்.