தண்ணீர் மணி

மதியச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பினார். முப்பத்தெட்டுப் பேரில் பதினைந்து தலைகளாவது டெஸ்கில் சாய்ந்து கிடந்தன. ஜன்னலோரத்தில் ஒருவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பென்சில் மட்டும் அவன் விரலிடுக்கில் நிமிர்ந்து நின்றது.

"எல்லாரும் எந்திரிங்க! கையை மேல தூக்குங்க! ஏழஞ்சு?"

"முப்பத்தஞ்ச்ச்சு..." என்று இழுத்தது வகுப்பு, மேட்டில் ஏறுகிற பழைய பஸ் மாதிரி.

"ஏழாறு?"

பஸ் நின்றுவிட்டது.

டீச்சர் இரண்டாவது பெஞ்சைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருப்பவளைப் பள்ளிக்கூடமே கிளி என்றுதான் கூப்பிடும். பதிவேட்டில் இருக்கிற பெயர் டீச்சருக்கே சட்டென்று நினைவுக்கு வராது. காலையில் அவள் வாயை மூட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இப்போது நெற்றியில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"தலை வலிக்குது மிஸ்."

"நேத்தும் இதையேதான சொன்ன?"

"நேத்தும் வலிச்சுது மிஸ்."

அந்தப் பருவம் மூச்சுவிட நேரமில்லாத பருவம். விளையாட்டு விழா, கையெழுத்துப் போட்டி, உயரம் எடை பார்க்கும் நாள், பெற்றோர் கூட்டம் என்று வரிசையாக வந்தன. காலை நேரத்தை அணிவகுப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டதால் கணக்குப் பாடம் மதியத்துக்குத் தள்ளப்பட்டது. இன்னும் நான்கு வாரத்தில் கல்வி அதிகாரி நேரில் வந்து பிள்ளைகளைக் கணக்குக் கேட்கப்போகிறார். மூன்றாம் வகுப்பு தேறாவிட்டால் டீச்சர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

பிள்ளைகள் மதியத்தில் தூங்கிவிழுவதைத் தலைமையாசிரியரிடம் சொன்னபோது அவர் ஏழு பதிவேடுகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார். "மூஞ்சி கழுவிட்டு வரச் சொல்லுங்க டீச்சர். நானும் அப்படித்தான் சமாளிக்கிறேன்."

டீச்சர் அதையும் செய்து பார்த்தார். கை தட்டச் சொன்னார், வாய்ப்பாட்டைப் பாட்டாக்கினார், ஒருநாள் வகுப்பையே மரத்தடிக்குக் கொண்டுபோனார். அங்கே காற்று நன்றாக வந்ததால் இன்னும் நன்றாகத் தூங்கினார்கள்.

ஒரு மாலை, பிள்ளைகள் போன பிறகு, டீச்சர் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். வாளியம்மா பெஞ்சுகளைத் தூக்கி டெஸ்க் மேல் கவிழ்த்துக்கொண்டே வந்தார். எப்போதும் கையில் நீல வாளியோடு திரிவதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்துத் துப்புரவு வேலை முழுக்க அவருடையது. அரைநாள் வேலை, காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரைக்கும். ஆனால் வகுப்பறைகளைப் பிள்ளைகள் போன பிறகுதான் கூட்ட முடியும் என்பதால் மாலையில் மறுபடி வந்துவிட்டுப் போவார். அதற்குக் கணக்குக் கிடையாது.

"எத்தனை பேரு பாஸு டீச்சர்?"

"அதைக் கேக்காதீங்கக்கா."

வாளியம்மா சிரித்தார். டெஸ்க்குக்கு அடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இந்த பாட்டிலுங்க எல்லாம் பள்ளிக்கூடத்தைச் சுத்திப் பாக்கத்தான் வருதுபோல. ரொம்பி வருது, ரொம்பியே வீட்டுக்குப் போகுது."

"குடிக்கிறதில்லையா?"

"நான் எங்க கண்டேன்? ஒரு மாசமா பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸ் தரை காஞ்சு கிடக்கு. சரி, நமக்கு வேலை மிச்சம்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

டீச்சரின் சிவப்புப் பேனா நின்றது. அந்த பாட்டிலை வாங்கிப் பார்த்தார். மூடிக்குக் கீழே விரல்கடை அளவுகூடக் குறையவில்லை. பக்கவாட்டில் கிளியின் பெயர் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை இடைவேளையில் கிளியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்பதுபோல அவள் படபடவென்று சொன்னாள்.

"தாழ்ப்பா உடைஞ்சுபோச்சு மிஸ். உள்ள போனா ஒருத்தங்க வெளிய நின்னு கதவைப் புடிச்சுக்கணும். ரெண்டு பேரா போனா ஏன் ஜோடி போட்டுட்டுச் சுத்துறீங்கன்னு திட்டுறாங்க. ஒத்தையா போனா அஞ்சாங்கிளாஸ் பசங்க கதவைத் தள்ளிட்டு ஓடுறாங்க. ஒருநாள் ஒண்ணாங்கிளாஸ் பாப்பா அழுதுட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் நாங்க ஒரு ஐடியா பண்ணோம். குடிச்சாத்தான மிஸ் வரும்?" கிளி விரலை மடக்கி எண்ணினாள். "காலைல வீட்டுல போயிடணும். இங்க தண்ணி குடிக்கக் கூடாது. சாப்பிடுறப்போ விக்கினா மட்டும் ஒரு வாய். சாயங்காலம் ஓடிப்போய் வீட்டுல போயிடணும். சின்னப் பாப்பாங்களுக்கெல்லாம் நான்தான் மிஸ் சொல்லிக் குடுத்தேன்."

சொல்லிவிட்டுப் பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் அவள் தலையில் கையை வைத்தார். 'ஜோடி போட்டுட்டுச் சுத்துறீங்க' என்று திட்டியது அவரேதான்.

"பசங்க ஏன் குடிக்கல?"

"அவங்க சும்மா எங்களைப் பாத்துதான் மிஸ். குடிக்காம இருக்குறது யாருன்னு பந்தயம்."

தலைமையாசிரியர் இந்த முறை பதிவேட்டை மூடியே வைத்துவிட்டார். "தாழ்ப்பாளுக்கு எழுதிப் போடாமலா இருக்கேன்? மூணு தடவை எழுதியாச்சு. உடைஞ்ச தாழ்ப்பாளைப் போட்டோ எடுத்து அனுப்புன்னாங்க. அனுப்பினேன். இப்போ கதவு சாத்தின மாதிரி ஒரு போட்டோ கேக்குறாங்க."

"சாத்தினா நிக்காதே சார்?"

"அதைத்தான் நாலாவதா எழுதியிருக்கேன்."

வாசலில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த வாளியம்மா நிமிர்ந்தார். "ஐயா, ஒரு தாழ்ப்பாளுக்கா இந்தப் பாடு? எங்க அண்ணன் தச்சு வேலைதான். துளை போடுற மிஷினையும் ஒரு தாழ்ப்பாளையும் நாளைக்குக் கொண்டாந்துடுறேன். நீங்க மட்டும் அதுக்கும் அனுமதி கேட்டு எழுதிப் போட்டுடாதீங்க."

மறுநாள் காலை மணி அடிக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே டீச்சரும் வாளியம்மாவும் வந்தார்கள். டீச்சர் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றார். வாளியம்மா ஈரப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு ஆணிகளைப் பல்லில் கடித்தபடி, பழைய தாழ்ப்பாளின் துருப்பிடித்த துண்டைக் கழற்றினார். புதுத் தாழ்ப்பாளை அதே துளையில் வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"இது நம்ம உசரத்துக்கு வெச்சது டீச்சர். பாப்பாவுக்கு எட்டுமா?"

சீக்கிரமே வந்துவிட்ட ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கதவோரம் நிற்க வைத்தார்கள். அவள் உயரம் எடை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு காலணியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்றாள். அவளுடைய தோளுக்கு நேராக வாளியம்மா கரித்துண்டால் கோடு போட்டார். துளை மிஷின் அலறியது. மரத்தூள் டீச்சரின் தலையெல்லாம் படிந்தது.

"போட்டுப் பாரு கண்ணு."

சிறுமி உள்ளே போய்த் தாழிட்டாள். டக்கென்று விழுந்தது. பிறகு திறந்தாள். மறுபடி தாழிட்டாள். ஏழெட்டு முறை ஆன பிறகும் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

"வெளிய வாடி, மத்தவங்களும் இருக்காங்க!" என்றார் வாளியம்மா.

அன்றே தலைமையாசிரியர் ஐந்தாம் வகுப்புப் பையன்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. அதன் பிறகு அவர்கள் அந்தப் பக்கம் வந்தாலே வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

தண்ணீர் மணி டீச்சர் போட்ட ஏற்பாடு. பத்து மணிக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று பாட்டிலைத் திறக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் முழுவதும் பரவியது. மணி அடிக்கிற உரிமைக்காகச் சண்டை வந்தது. தலைமையாசிரியரும் தன் அறையில் ஒரு சொம்பு வைத்துக்கொண்டு, மணிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்று குடித்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாரத்தில் மதியத் தலைகள் நிமிர்ந்தன. ஜன்னலோரப் பையன் இப்போது பக்கத்தில் இருப்பவனை எழுப்பிவிடுகிற வேலையை எடுத்துக்கொண்டான். எழுப்ப ஆள் கிடைக்காதபோது விழித்திருப்பவனையே எழுப்பினான். கிளி காலையில் பேசியது போதாதென்று மதியமும் பேச ஆரம்பித்தாள். பேச்சோடு பேச்சாக ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னாள். அதைப் பார்த்து ஒன்பது பேர் தலைகீழாகப் படித்துவிட்டு, நேராகக் கேட்டால் திணறினார்கள்.

பெற்றோர் கூட்டத்துக்குக் கிளியின் அம்மா தையல் கம்பெனியில் இருந்து நேராக வந்தார். ரவிக்கையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. "என்ன டீச்சர் பண்ணிவிட்டீங்க? வீட்டுலயும் கரண்டியால தட்டைத் தட்டி மணி அடிக்கிறா. நான் எந்திரிச்சு நிக்கலன்னா திட்டுறா."

"குடிக்க வேண்டியதுதானே?"

"எங்க கம்பெனியில பாத்ரூம் போகணும்னா சீட்டு வாங்கணும் டீச்சர். நான் எப்படிக் குடிக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டீச்சரும் சிரித்தார். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் மதிப்பெண் அட்டையைப் பார்த்தார்கள்.

பிள்ளைகள் குடித்ததன் பாரம் வாளியம்மா மேல் விழுந்தது. காலையில் ஒருமுறை கழுவினால் போதும் என்றிருந்த கழிப்பறைகளை இப்போது மூன்று முறை கழுவ வேண்டியிருந்தது. தொட்டியில் தண்ணீர் ஏறாத நாட்களில் அடிபம்பில் இருந்து முப்பது வாளி சுமந்தார். பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டியவர் மாலையில் வகுப்பறைகளைக் கூட்டி முடிக்கும்வரை அங்கேயே இருந்தார்.

"நீங்க பன்னெண்டுக்குப் போங்கக்கா. யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் போயிட்டா மத்தியானம் நாறும் டீச்சர். நாறுனா பழையபடி குடிக்காதுங்க." வாளியம்மா உள்ளங்கையைப் புடவையில் துடைத்தார். வாளிப் பிடி பதிந்த இடத்தில் தோல் உரிந்திருந்தது. "ஆனா ஒண்ணு, முழுநாள் வேலையாக்கிக் குடுத்தா நல்லாருக்கும். ஐயாகிட்ட ஒரு வார்த்தை போட்டு வைங்க."

அதிகாரி ஒரு வியாழக்கிழமை வந்தார். கண்டிப்பான பெண்மணி என்று கேள்விப்பட்டிருந்ததால் தலைமையாசிரியர் காலையில் இருந்தே இரண்டு கைக்குட்டைகளை நனைத்துவிட்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்றாம் வகுப்புக்குத்தான் முதலில் போனார்கள்.

"ஏழெட்டு எவ்வளவு?"

முப்பத்தொன்பது கைகள் எழுந்தன. ஒருவன் இரண்டு கையையும் தூக்கினான். அதிகாரி பத்துக் கேள்வி கேட்டார். ஒன்பதுக்குச் சரியான பதில் வந்தது. பத்தாவதற்கு ஒரே சமயத்தில் மூன்று பதில் வந்தது, அதில் ஒன்று சரி.

"மத்தியான நேரத்துல இவ்வளவு சுறுசுறுப்பா ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லையே. என்ன முறையில சொல்லிக் குடுக்கிறீங்க?"

டீச்சர் வாய் திறப்பதற்குள் கிளி எழுந்துவிட்டாள். "தண்ணி குடிச்சுட்டு ஒண்ணுக்குப் போயிட்டு வந்தா கணக்கு வரும் மேடம்."

தலைமையாசிரியர் மூன்றாவது கைக்குட்டையைத் தேடினார். அதிகாரி முதலில் கிளியைப் பார்த்தார், பிறகு டீச்சரைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். வகுப்பு முழுவதும் சேர்ந்து சிரித்தது.

அவர் நேராகக் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தார். தரை பளிச்சென்று இருந்தது. குனிந்து தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்தார். "இவ்வளவு கீழே ஏன்?" என்று கேட்டு, காரணம் தெரிந்ததும் நோட்டில் எழுதிக்கொண்டார். வாளியம்மா ஓரமாக நின்றிருந்தார். அவர் ஒருவர்தான் எல்லாவற்றையும் செய்கிறார், அரைநாள் வேலைதான், முழுநாளாக்கினால் பேருதவி என்று தலைமையாசிரியர் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். வாளியம்மாவைப் பார்த்து, "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க" என்றார்.

"எழுதிக்கிட்டாங்கல்ல டீச்சர்?" என்று அன்று மாலை நான்கு முறை கேட்டார் வாளியம்மா.

"ரெண்டு வரி எழுதினாங்கக்கா. நானே பார்த்தேன்."

பருவம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது கடிதம் வந்தது. கூடவே, தடித்த அட்டையில் தங்கக் கரை போட்ட பாராட்டுச் சான்றிதழ். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் வாளியம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார். சான்றிதழில் அவருடைய முழுப்பெயர் இருந்தது. அதைப் படித்தபோது பிள்ளைகள் யாரைச் சொல்கிறார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்ததும் "வாளியம்மா! வாளியம்மா!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். வாளியம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

கடிதத்தைத் தலைமையாசிரியர் மேடையில் படிக்கவில்லை. தன் அறைக்குக் கூப்பிட்டு, டீச்சரையும் உட்கார வைத்துவிட்டுப் படித்தார். பள்ளியின் சுகாதாரம் மற்றப் பள்ளிகளுக்கு முன்மாதிரி. துப்புரவுப் பணியாளரின் திறமை பாராட்டத்தக்கது. அரைநாளிலேயே இவ்வளவும் செய்ய முடிந்திருப்பதால், திங்கட்கிழமை முதல் மதியம் பன்னிரண்டரையில் இருந்து அவர் பக்கத்து வட்டாரப் பள்ளியின் கழிப்பறைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும். ஊதியத்தில் மாற்றம் இல்லை.

படித்து முடித்துவிட்டு அவர் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"மத்தியானம் கழுவுனது அவங்க எழுதலையா?" என்று கேட்டார் வாளியம்மா.

டீச்சர் மெதுவாகச் சொன்னார். "பன்னெண்டு மணிக்கு மேல நீங்க இங்க இருந்ததா எந்த ரெஜிஸ்டர்லயும் இல்லக்கா."

"நான் மறுபடியும் எழுதிப் போடுறேன்மா" என்றார் தலைமையாசிரியர். வாளியம்மா அவரைப் பார்த்து, "எழுதுங்க ஐயா" என்றார்.

திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் மணி அடித்தது. கிளி அடித்தாள். பள்ளிக்கூடம் முழுவதும் எழுந்து நின்று குடித்தது. பெண் பிள்ளைகள் கழிப்பறை வாசலில் வரிசை கட்டினார்கள். கடைசிப் பெண் வெளியே வரும்வரை வாளியம்மா காத்திருந்து, தரையை வழித்துவிட்டார். பிறகு வாளிக்குள் பினாயில் பாட்டிலையும் இரண்டு பிரஷ்ஷையும் வைத்தார். தலைமையாசிரியர் அறையிலேயே இருந்த தங்கக் கரை போட்ட சான்றிதழைக் கொண்டுபோக வேறு வழி தெரியவில்லை. அதைப் பாலித்தீன் பையில் சுற்றி, வளையாமல் இருக்க வாளியின் ஓரத்தில் நிமிர்த்தி நிறுத்தினார். வாளியைச் சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டினார். உச்சி வெயிலில் அடுத்த பள்ளிக்கூடத்தைப் பார்த்து மிதித்தார். மேடு பள்ளத்தில் வாளி குலுங்கும்போதெல்லாம் பிரஷ்ஷில் இருந்த ஈரம் சான்றிதழ் மேல் தெறித்தது.